செப்டம்பர் நோட்டு

தாம்பரத்துக்கு மேற்கே, அடையாற்றுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் நாங்கள். 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழை தாம்பரத்தில் 24 மணி நேரத்துக்குள் 49 சென்டிமீட்டர். எங்கள் குடியிருப்பில் அவசரகாலக் குழு இருக்கிறது என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள் முதலில் படகைத்தான் தேடுவார்கள். படகு இல்லை. டார்ச், கயிறு, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான் எல்லாம் உண்டு. அவை காசு கொடுத்தால் கிடைப்பவை. நாங்கள் உயிராகக் காப்பது ஒரு நீள நோட்டை.

வீட்டுக்கு ஒரு பக்கம். யார் யார் இருக்கிறார்கள், யாரால் படி இறங்க முடியாது, யாருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், யார் இன்சுலின் போட்டுக்கொள்கிறார், மாற்றுச்சாவி எந்த வீட்டில், வெளியூரில் இருக்கும் பிள்ளையின் நம்பர் என்ன. பென்சிலில்தான் எழுதுவோம், ஏனென்றால் ஒவ்வொரு செப்டம்பரிலும், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், வீடு வீடாகப் போய்த் திருத்த வேண்டும். போனிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. 2015-இல் கரண்ட் போய், டவரும் போய், போன்கள் ஒவ்வொன்றாக அணைந்த பிறகு அதிலிருந்த எந்த நம்பரும் யாருக்கும் உதவவில்லை.

கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "வீட்ல யாருக்காவது உடம்பு முடியலையா?" என்றால், "எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம் சார்" என்று வாசலிலேயே அனுப்பிவிடுவார்கள். "ராத்திரி ரெண்டு மணிக்குக் கீழ இறங்கணும்னா உங்க வீட்ல யாருக்குக் கை கொடுக்கணும்?" என்று கேட்டால் உள்ளறையிலிருந்து பதில் வரும்: "எனக்குத்தாம்பா. முட்டி மடங்க மாட்டேங்குது." அந்தக் குரலுக்காகத்தான் மாடி மாடியாக ஏறுகிறோம். இப்படிச் சொல்லப்பட்டதைக் காப்பாற்றுவதும் எங்கள் பொறுப்பு. தனியாக இருக்கும் முதியவர்களின் விவரம் கண்டவர் கையில் போகக் கூடாது. நோட்டுக்கு இரண்டே பிரதிகள், இரண்டு வீட்டில், இரண்டும் பூட்டிய பீரோவில். ஒரு பக்கத்தைக்கூடப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடக் கூடாது என்பதில் நான் கறாராக இருக்கிறேன்.

லிஃப்ட் நின்ற பிறகு ஒருவரை மேல் மாடியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இறக்க நாற்காலிதான் வழி. பிளாஸ்டிக் நாற்காலி ஆகாது. பாரத்தில் கால் வளைந்துவிடும். உறுதியான மர நாற்காலி வேண்டும். உட்காருபவர் படி இறங்கும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். பின்னால் நிற்பவர் முதுகுச் சட்டத்தைப் பிடித்து மெல்லத் தன் பக்கம் சாய்ப்பார். முன்னால் இருப்பவர் முன்கால்களைப் பிடித்துத் தூக்கி, பின்னோக்கி இறங்குவார். மூன்றாவது ஆள் அவருக்கும் கீழே நின்று, அவர் இடுப்பில் கை வைத்து, ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொண்டு வருவார். மார்புக்குக் குறுக்கே வேட்டியாலோ துப்பட்டாவாலோ ஒரு கட்டு. கைகளை மடியில் கோத்துக்கொள்ளச் சொல்வோம். பயத்தில் கையை நீட்டிப் படிக் கைப்பிடியைப் பற்றிவிட்டால் நான்கு பேரும் சரிய வேண்டியதுதான். "இன்னும் நாலு படிதான் பாட்டி" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பயிற்சியில் குழுவினரே முறைவைத்து நாற்காலியில் உட்காருவோம். தரையைவிட்டு எழும்பும் அந்தக் கணத்தில் வயிற்றில் எழும் பயத்தை அறிந்தவரின் கையில்தான் நிதானம் வருகிறது.

மற்றவை சுருக்கமான விதிகள். மழை வலுத்தால் லிஃப்டை மேல் மாடியில் நிறுத்தி இணைப்பை அணைத்துவிட வேண்டும். கீழே குழியில் தண்ணீர் இறங்கும். மீட்டர் போர்டை வெள்ளம் நெருங்கும் முன்பே, கால் ஈரமாகாதபோதே, மெயினை அணைக்க வேண்டும். ஜெனரேட்டரை மாடிப்படிக்கு அடியில் ஓட்டவே கூடாது; அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, வாசனை காட்டாமலே ஆளைக் கொல்லும். வெள்ளம் புகுந்த சம்ப்பை இறைத்து, கழுவி, பிளீச்சிங் பவுடர் போடும்வரை அந்தத் தண்ணீரை வாயில் வைக்கக் கூடாது.

சிவப்பு எச்சரிக்கை என்றால் ஒரு நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்யலாம் என்று பொருள். 2400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டில் மட்டும் அது 44,000 லிட்டரைத் தாண்டும். 12,000 லிட்டர் லாரியில் ஏறக்குறைய நான்கு லோடு. தெருவில் எத்தனை கிரவுண்டு என்று எண்ணிப் பார்த்தால் காத்திருக்கத் தோன்றாது. டயாலிசிஸ் செய்துகொள்பவரையும் நிறைமாதக் கர்ப்பிணியையும் எச்சரிக்கை வந்த அன்றே, தெரு காய்ந்திருக்கும்போதே, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். 108-ஐ அழைத்தால் வண்டி வரும். வருவதற்குச் சாலை இருக்க வேண்டுமே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் இதைத்தான் செய்தோம். "மழையே காணோம், எதுக்கு இப்பவே?" என்று அப்போதும் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும், போய்ச் சேர்ந்தால் போதும்.

குடியிருப்போர் சங்கங்களின் பட்டியலில் பெரும்பாலும் வீட்டுக்காரர்கள் பெயரே இருக்கும். வாடகைக்கு இருப்பவர், பேச்சிலர் பையன்கள், வாட்ச்மேன் குடும்பம் எல்லாம் விடுபட்டுப்போவார்கள். எங்கள் நோட்டின் முதல் பக்கம் வாட்ச்மேன் குடும்பத்துக்கு. வளாகத்திலேயே தாழ்வான அறை அவருடையது. தண்ணீர் முதலில் நுழைவதும் அங்கேதான். மழை அறிவிப்பு வந்ததும் அவருடைய டிரங்குப் பெட்டியும் அரிசியும் பிள்ளைகளின் புத்தகப் பைகளும் இரண்டாவது மாடிக் கூடத்துக்கு ஏறிவிட வேண்டும். அதற்காக யாரையும் அவர் கெஞ்சி நிற்கக் கூடாது என்று, அந்தக் கூடத்தின் சாவியைச் செயலாளரிடமிருந்து வாங்கி அவரிடமே கொடுத்துவிட்டோம்.