தகவலாளி 7

ஒவ்வொரு டிசம்பரிலும் என் மாணவிகளோடு ஒரு விளையாட்டு உண்டு. ஆளுக்கொரு ஆண்டை எடுத்துக்கொண்டு, அந்த ஆண்டின் சிறந்த பாடல்கள் எவை, ஏன் என்று சொல்ல வேண்டும். தமிழ்த் துறையில் இதற்கென்ன வேலை என்று கேட்பவர்களிடம், எட்டுத்தொகையும் யாரோ தேர்ந்தெடுத்த பட்டியல்தானே என்று சொல்லித் தப்பித்துவிடுவேன்.

போன முறை ஒருத்தி 1967ஐ எடுத்தாள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசை. 'ஆன்ம இசை' என்று மொழிபெயர்த்துக்கொண்டு வந்திருந்தாள். வேண்டாம், பஜனை மாதிரி இருக்கிறது, சோல் என்றே இருக்கட்டும் என்றேன். தேவாலயத்தில் கடவுளைப் பார்த்துக் கதறிய குரல் தெருவுக்கு வந்து மனிதர்களைப் பார்த்துக் கதறினால் அது சோல். நான் வைத்திருக்கும் விளக்கம் இவ்வளவுதான்.

அவள் பட்டியலில் கிளாடிஸ் நைட் இருந்தார், சாம் அண்ட் டேவின் 'சோல் மேன்' இருந்தது. ஓடிஸ் ரெடிங் 'டாக் ஆஃப் த பே' பாட்டைப் பதிவுசெய்த சில நாட்களில், 1967 டிசம்பர் 10 அன்று, விமான விபத்தில் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 26. பாட்டு வெளிவந்தது அடுத்த ஜனவரியில். அது எந்த ஆண்டில் சேரும் என்று வகுப்பில் அரைமணி நேரம் சண்டை. முதலிடத்தில் மட்டும் யாருக்கும் சண்டை இல்லை: அரேதா ஃப்ராங்க்ளின், 'ரெஸ்பெக்ட்'.

அது முதலில் ஓடிஸ் ரெடிங்கின் பாட்டு. 1965இல் அவரே எழுதிப் பாடியது. உழைத்துவிட்டு வீடு திரும்புகிற ஆண், மனைவியிடம் மரியாதை கேட்கிறான். இரண்டு ஆண்டு கழித்து அரேதா அதை எடுத்து, கேட்கிறவளைப் பெண்ணாக்கினார். அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாக உச்சரித்துக் கேட்கிற இடம் அவர் சேர்த்தது. பின்னால் தங்கை கரோலினும் அக்கா எர்மாவும் சேர்ந்து பாடுகிறார்கள். 1967 ஜூனில் அமெரிக்கப் பட்டியலில் இரண்டு வாரம் முதலிடம். ஆனால் அந்த நாட்டு வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால் எழுதியவருக்குத்தான் பணம் போகும், பாடியவருக்குப் போகாது. பெண்கள் கொடி மாதிரிப் பிடித்துக்கொண்ட பாட்டுக்கு அரேதாவுக்கு வானொலிக் காசு வரவில்லை.

இன்னொருத்தி 2022ஐ எடுத்து, அட்டப்பாடி நஞ்சம்மாவை முதலில் வைத்தாள். ஆடு மாடு மேய்த்த இருளர் பெண். 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் தன் மொழியில் பாடி, அந்த ஆண்டு சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது பெற்றார். சங்கீதம் படிக்காதவருக்கு விருதா என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. படம் வந்தது 2020, விருது 2022, பாட்டு அட்டப்பாடியில் பிறந்தது எந்த ஆண்டு என்று ஒருத்தி கேட்டாள். மணி அடித்துவிட்டது.

அந்த விடுமுறையில் திருப்புலி நாட்டுக்குப் போனேன். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். எத்தனை முறை போனாலும் நாற்பதாவது வளைவில் எனக்கு வாந்தி வரும். இது வல்வில் ஓரியின் மலை. புறநானூற்றில் வன்பரணர், முகம் தெரியாத வேட்டுவன் ஒருவன் தனக்குக் கறியும் பொன்னும் கொடுத்த கதையைச் சொல்கிறார்.  அவன் ஓரிதான் என்று பாட்டே அடையாளம் காட்டிவிடுகிறது. கூடவே விறலியர் இருக்கிறார்கள். முழவும் யாழும் அவர்கள் கையில். அவர்கள் பேரை யாரும் தேடவில்லை. இருபது வருஷமாக அந்தப் பாட்டை நடத்துகிறேன், நானும் தேடவில்லை.

பெரியம்மா சாமை புடைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து போனில் அரேதாவைப் போட்டேன், அதே இசைத்தட்டின் தலைப்புப் பாட்டை. முறத்தை நிறுத்திக் கேட்டது.

"யாரு கண்ணு செத்தது?"

"யாரும் சாகல பெரியம்மா. ஆம்பள ஏமாத்திட்டான்."

"அதுக்கா இவ்ளோ நல்லா அழுவுறா?"

பிறகு 'ரெஸ்பெக்ட்' கதையைச் சொன்னேன். எழுதினவனுக்குக் காசு, பாடினவளுக்கு இல்லை என்றதும் கொஞ்ச நேரம் புடைத்தது. அப்புறம் தலை நிமிராமல் கேட்டது: "எங்கிட்ட நீ எடுத்துட்டுப் போனியே, அதுக்கு உனக்குக் காசு வந்துச்சா?"

என் முனைவர் பட்ட ஆய்வு ஒப்பாரிப் பாடல்கள் பற்றியது. பின்னிணைப்பில் ஒரு பட்டியல் இருக்கிறது. 'தகவலாளி 7. பெண். வயது சுமார் 60. கல்வி இல்லை.' அது பெரியம்மா. சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது என்று பலமுறை மறுத்துவிட்டது. 2006இல் அப்பா இறந்தார். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோள் பிடித்து அழுதபோது நானும் அந்த வட்டத்தில் இருந்தேன், முந்தானைக்குள் டேப் ரெக்கார்டரோடு. அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, பேட்டரி தீர்ந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தேன். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் களப்பணியைப் பாராட்டினார். கண்ணில் நீர் வந்தது. அப்பாவை நினைத்து அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"சம்பளம் வருது பெரியம்மா" என்றேன்.

"வரட்டும். உங்கப்பன் படிக்க வெச்சதுக்கு."

அது கோபமா, ஆசீர்வாதமா என்று முகத்தைப் பார்த்தேன். முறத்தில்தான் கண் இருந்தது. புத்தகமாகப் போடும்போது உன் பேரைப் போடுகிறேன் என்றேன். பதிலில்லை. அந்தச் சத்தம் இன்னும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டது. கேசட்டிலிருந்து போனுக்கு மாற்றி வைத்திருந்தேன். அப்பாவின் திதி கழிந்து மூன்றாம் நாள். போடலாமா என்று கேட்டதற்குத் தலையாட்டியது.

பதினேழு நிமிஷம். பாதியில் நாய் குரைக்கும், யாரோ தண்ணீர் கேட்பார்கள். முடிந்ததும் பெரியம்மா சொன்னது: "நடுவுல இழுத்து எடுத்துக் குடுத்தது நானில்ல. மேலக்கொல்லைக்காரி. அவ இல்லாட்டி எனக்கு அடுத்த அடி வராது. கடைசியில தூக்கிப் பாடுறவ வேற ஒருத்தி. எம்பேரப் போட்டா அவளுங்க பேரையும் போடணும்."

விரல் மடக்கி எண்ணியது. எட்டுப் பேர். நோட்டில் எழுதிக்கொண்டேன். மூன்று பேர் இப்போது இல்லை, ஒருத்தி மகனோடு மிளகுத் தோட்ட வேலைக்குக் கேரளா போய்விட்டாள். மீதிப் பேரிடம் இன்னும் கேட்கவில்லை, அதனால் அந்தப் பெயர்களை இங்கே எழுதவில்லை. பொங்கல் கழித்து மறுபடி போகிறேன்.