பழக்கூழ்

தொல்காப்பியக் கிளவியாக்கத்தில் ஒரு விதி உண்டு. வெவ்வேறு வினைக்குரிய பல பொருள்களுக்குப் பொதுவாய் நிற்கும் ஒரு சொல்லை, அவற்றுள் ஒன்றற்கே உரிய வினைகொண்டு முடித்தல் ஆகாது என்பது அதன் கருத்து. உரையாசிரியர்கள் இதற்கு அடிசில் என்னும் சொல்லை எடுத்துக் காட்டுவர். அடிசிலில் உண்பனவும் உண்டு, தின்பனவும் உண்டு; பருகுவன, நக்குவன என்பனவும் உண்டு. ஆதலின் அடிசில் பருகினார் என்றல் வழு. அயின்றார் என்றலே மரபு. எங்கள் வகுப்பில் இவ்விதி அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டது. எங்கள் வீட்டிலோ ஓராண்டுக்கும் மேலாக நாள்தோறும் நடந்து வருகிறது.

2024ஆம் ஆண்டு ஆவணித் திங்களில் என் ஆச்சிக்குப் பக்கவாதம் கண்டது. வலக்கையும் பேச்சும் தளர்ந்தமை யாவர் கண்ணுக்கும் புலனாயிற்று. விழுங்கும் ஆற்றல் தளர்ந்தமை தண்ணீர் கொடுத்தபோதுதான் தெரிந்தது. நாம் ஒரு வாய் நீரை விழுங்கும்பொழுது குரல்வளை மேலெழும்புகிறது. அதன் மூடி கவிந்து மூச்சுக்குழலின் வாயிலை அடைக்கிறது. இவையெல்லாம் ஒரு விநாடிக்குள் நாம் அறியாமலே நிகழ்வன. பக்கவாதம் கண்டார் பலருக்கு இவ்வடைப்புச் சற்றே காலந்தாழ்கிறது. தண்ணீரோ காத்திராது, வாயில் சாத்தப்படுமுன் உள்ளே ஓடிவிடும். அங்ஙனம் நுரையீரலை அடைந்த நீர் நிமோனியாக் காய்ச்சலுக்கு வித்தாகும்.

புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று கூறி உச்சந்தலையில் தட்டுவது நம்மவர் வழக்கம். இப்பொழுது எங்கள் வீட்டில் அவ்வாறு யாரும் சொல்வதில்லை. இருமல் கேட்டால் அடுக்களையிலிருந்து அம்மா ஓடி வருவார்கள். இருமலே இன்றியும் நீர் உள்ளே இறங்குவதுண்டு என்று மருத்துவர் சொன்னபின், இருமல் கேளாத வேளைகளிலும் அச்சம் நீங்கிற்றில்லை.

மூன்று வாரம் மூக்கின் வழியாகச் செலுத்திய குழாயே ஆச்சிக்கு உணவு வாயில். பின்னர், விழுங்குதற் பயிற்சி அளிக்கும் அம்மையார் ஒருவர் வந்து சோதித்து, மூன்றாம் படியில் உள்ள கெட்டியான பொருளை வாய்வழி கொடுக்கலாம் என்றார். படி என்றது யாது? பல நாட்டு வல்லுநர் கூடி, விழுங்க இயலாதார்க்கென 0 முதல் 7 வரை எட்டுப் படிகள் வகுத்திருக்கின்றனர். தண்ணீர் 0, நாம் உண்ணும் சோறு கறி 7. இவற்றுள் 0 முதல் 4 வரை பருகுவன. 3 முதல் 7 வரை உண்பன. மூன்றும் நான்கும் இருபாலுக்கும் பொது! அம்மையார் அந்தப் படத்தைக் கையில் தந்தபோது, என் மனம் சேனாவரையரிடம் ஓடியது. தமிழ் படிப்பவரின் புத்தி அப்படி. அந்த நேரத்திலும் அது போகுமிடத்துக்கே போயிற்று.

கெட்டிப்படுத்தும் பொடி கடைகளிற் கிடைக்கிறது. தண்ணீரில் கலந்து கொடுத்தோம். ஆச்சி ஒரு கரண்டி விழுங்கினார்கள். இரண்டாவதற்கு வாயைத் திறக்கவில்லை. இது எங்கள் ஆச்சியின் பிடிவாதம் மட்டுமன்று. கெட்டியாக்கிய நீரை விரும்பாமையால் பலர் பருகுவதையே குறைத்து, உடலில் நீர் வறண்டு துன்புறுகின்றனர் என்று அம்மையார் எச்சரித்தார். போதிய அளவு உட்செல்லாவிடின் மறுபடியும் மூக்குக்குழாய்தான். ஆகவே, கெட்டியாயிருத்தல் வேண்டும். ஆச்சி தாமே இன்னொரு கரண்டி கேட்கத்தக்க சுவையும் வேண்டும். பழத்தை நாடியது இவ்வாறே.

நாகர்கோவிலைச் சூழ்ந்த ஊர்களில் பிறந்தோர்க்கு வாழைப்பழம் என்று பொதுப்படச் சொன்னால் பொருள் விளங்காது. மட்டியா, செந்துளுவனா, ரசகதலியா, பாளையங்கோட்டானா, ஏத்தனா என்று திருப்பிக் கேட்பார்கள். மட்டி சிறியது, தோல் மெல்லியது, மணம் மிக்கது, பல் முளையாக் குழந்தைகளுக்கு எங்கள் பக்கத்தில் முதலில் ஊட்டும் பழம் அதுவே. 2023ஆம் ஆண்டு கன்னியாகுமரி மட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. எனக்கும் என் தம்பிக்கும் அதை மசித்து ஊட்டியவர்கள் ஆச்சிதான். வடசேரிச் சந்தையில் அதற்காகக் காலையிலேயே போய் நிற்பார்களாம்.

இனி, கெட்டி எங்கிருந்து வருகிறது என்பதைச் சிறிது விரித்துரைப்பேன். பலர் நினைப்பதுபோல அது ஒரே வகையன்று.

என் தம்பி பள்ளி மாணவன். குளிர்ந்த பழக்கூழில் பெரும் பற்றுடையவன். அவன் முறை இது: நன்கு கனிந்த பழத்தை உரித்து, வில்லைகளாக அரிந்து, குளிர்ப்பெட்டியின் உறைபகுதியில் ஓரிரவு வைப்பான். மறுநாள் மிக்ஸியில் முதலிற் சிறிது பால், அதன்மேல் தயிர், எல்லாவற்றிற்கும் மேலாக உறைந்த பழம் என்ற வரிசையில் இட்டு, விட்டுவிட்டு அரைப்பான். பால் அடியில் இருந்தால்தான் கத்தி தடையின்றிச் சுழலும். பால் மிகுந்தாலோ கூழ் நீர்த்துவிடும். பனிக்கட்டி சேர்ப்பதை அவன் இகழ்வான். அது உருகினால் வெறுந்தண்ணீர், பழத்தின் சுவையையும் கெடுக்கும் என்பான். அவன் கூற்று முற்றும் உண்மை. பழத்திலுள்ள நீரே நுண்ணிய பனித்துகளாய் நொறுங்கி, பழச்சதையோடு கலந்து, ஐஸ்கிரீம் போலத் திரண்டு நிற்கும். கரண்டியை நட்டால் சாயாது.

அதைக் கண்ட ஆச்சி, இடக்கையை நீட்டி எனக்கும் தா என்று காட்டினார்கள். கரண்டி சாயாத அளவு கெட்டியாயிற்றே, கொடுத்தால் என்ன? அம்மையாரிடம் கேட்டோம். கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். அந்தக் கெட்டி பனியின் கெட்டி. நாவின் சூட்டில் உருகித் தொண்டையை அடையும்போது நீராகவே ஓடும். ஐஸ்கிரீமையும் இக்காரணம்பற்றியே விலக்குகிறார்கள். அரிசிமாவு காய்ச்சிச் சேர்க்கலாமா என்று அம்மா கேட்டார்கள். மாவின் கெட்டியும் நம்பத்தக்கதன்று. உமிழ்நீரில் மாவைச் சிதைக்கும் நொதி ஒன்று உள்ளமையால், வாயிலேயே இளகத் தொடங்கும். மிக்ஸியை நெடுநேரம் ஓடவிட்டால் காற்றுப் புகுந்து நுரைத்துத் தடிப்பாகத் தோன்றும். சற்று நேரத்தில் நுரை அடங்கும், தடிப்பும் போகும். இவ்வாறு கண்ணுக்குக் கெட்டி, தொண்டைக்குத் தண்ணீர் என்பன பல.

எங்களுக்கு வேண்டியது பழச்சதையின் கெட்டி. வாழைக்காயில் மாவுச்சத்து மிகுதி. கனியுங்கால் அதிற் பெரும்பகுதி சர்க்கரையாக மாறுகிறது. திசுக்களை ஒட்டிப் பிடித்திருந்த பெக்டின் இளகுகிறது. கனிந்த பழத்தை நன்றாக அரைக்கும்போது, அவ்விளகிய பெக்டினும் நுண்ணிய நார்த்துகள்களும் நீரைப் பிடித்துக்கொள்கின்றன. இந்தக் கெட்டி சூட்டில் உருகாது. இதனோடு வெண்ணெய்ப்பழம் பாதி சேர்த்தோம். மெக்சிகோ நாட்டுப் பக்கத்தில் தோன்றிய அப்பழம், இன்று பழனிமலையின் கீழ்ச்சரிவுகளில் விளைந்து நமது சந்தைக்கு வருகிறது. அதன் கொழுப்பு வழுவழுப்பைத் தருவது. (கொய்யாவும் அன்னாசியும் போர்த்துக்கீசியர் வழியே பெயரோடு வந்து தமிழாகிவிட்டன, இதற்கு மட்டும் நம்மவர் தாமே ஒரு பெயரிட்டனர். நல்ல பெயர்.) தயிரை மெல்லிய துணியிற் கட்டி மூன்று மணி நேரம் தொங்கவிட்டால் நீர் வடிந்து வெண்ணெய்போல் நிற்கும், அதில் நான்கு கரண்டி. மட்டிப்பழம் நான்கு. பால் கால் தம்ளர். இனிப்புக்கு வடிகட்டிய கருப்பட்டிப் பாகு சிறிது.

அன்னாசியை அணுகவிடவில்லை. பச்சை அன்னாசியிலுள்ள புரோமலின் என்னும் நொதி பால்தயிரின் புரதத்தை அரித்துக் கசப்பூட்டும். பப்பாளியும் ஏறத்தாழ அவ்வாறே. நார் மிகுந்த மாம்பழமாயின் சல்லடையில் தேய்த்து வடிக்க வேண்டும். கொய்யா விதையைப் பற்றிச் சொல்லவே வேண்டா. ஏத்தன்பழத்தை அவித்து அரைத்தால் பசைபோல் ஒட்டும். ஒட்டுவதும் தொண்டைக்குத் தீங்கே. கெட்டி வேண்டும், பசை கூடாது என்பதுதான் இக்கலையின் நுட்பமெல்லாம்.

அளவுகளைக் கூறினேனாயினும் அவற்றை நம்பி நாங்கள் கொடுப்பதில்லை. பழத்தின் கனிவு நாளுக்கு நாள் வேறுபடும். அரைத்ததைப் பத்து நிமிடம் வைத்து, நுரை அடங்கியபின் முள்கரண்டியில் எடுத்துப் பார்ப்போம். மூன்றாம் படியாயின் முட்களின் இடைவெளியில் மெல்லச் சொட்டுச் சொட்டாய் இறங்கும். நான்காம் படியாயின் குவியலாய் மேலே அமர்ந்திருக்கும். இன்னுமொரு சோதனை, ஊசி நீக்கிய பத்து மில்லிக் குழாயில் நிரப்பிப் பத்து விநாடி ஒழுகவிடுதல். எட்டு மில்லிக்குக் குறையாமல் எஞ்சியும் சிறிதேனும் ஒழுகியும் இருந்தால் மூன்றாம் படி. கடிகாரத்தைப் பிடிப்பவன் தம்பி. அவன் பத்து எண்ணி முடிக்கும்வரை வீட்டில் ஒருவரும் பேசுவதில்லை.

பின்னர் ஆச்சியை நிமிர உட்கார வைத்து, மோவாய் சற்றே தாழ்ந்திருக்கும்படி, அம்மையார் அவர்களுக்கென்று காட்டிக்கொடுத்தவாறு, சிறு கரண்டியால் ஊட்டுவோம். ஒன்று விழுங்கிக் குரல் தெளிவாக வருகிறதா என்று கேட்டபின்னரே அடுத்தது. ஒரு கிண்ணத்துக்கு நாற்பது நிமிடம். முதல் நாள் முழுக் கிண்ணமும் முடிந்தபோது, அம்மா கிண்ணத்தைக் கழுவாமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்கள்.

பேச்சு ஒருவாறு திரும்பிய பின், கார்த்திகையில் என்று நினைவு, ஆச்சி கரண்டியைத் தடுத்து நிறுத்தி, “மக்களே, இது குடிக்கதா, திங்கதா?” என்று கேட்டார்கள். பக்கவாதத்திற்குப் பின் அவர்கள் பேசிய முதல் நீண்ட வாக்கியம் அதுவே. நான் இலக்கணம் கூறத் தொடங்கினேன். ஆச்சிக்கு அதில் விருப்பமில்லை. “கூழுண்ணு சொல்லிட்டுப் போவியா” என்று அவர்களே பெயரிட்டு முடித்தார்கள். கூழை நம்மவர் உண்ணவும் செய்வர், குடிக்கவும் செய்வர் என்பதை எண்ணினால், அப்பெயரைவிடச் சிறந்ததை எங்கள் துறையினர் கூடியும் கண்டிருக்க மாட்டார்கள்.

இவ்வாண்டுச் சோதனையில் ஆச்சி இரண்டாம் படிக்கு இறங்கியிருக்கிறார்கள். ஆகவே பால் சிறிது கூடியிருக்கிறது, வெண்ணெய்ப்பழம் குறைந்திருக்கிறது. காப்பிக்குத்தான் இன்னும் வழி பிறக்கவில்லை. பொடியிட்டுக் கெட்டியாக்கிய காப்பியை ஒரு முறை சுவைத்துவிட்டுக் கரண்டியைத் திருப்பி என் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். உண்மைக் காப்பி 0ஆம் படியில் இருக்கிறது. மறுசோதனைக்கு மார்கழியில் நாள் குறித்திருக்கிறார்கள். பின்கட்டில் ஒரு மட்டிக்குலை தொங்குகிறது. அடிச்சீப்பு இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது.