தம்பூரா சொல்லும் தரம்

கச்சேரி பதியப் பிளாங்க் கேசட் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது நிமிடக் கணக்கு. கம்பெனிப் பெயரெல்லாம் அப்புறம்தான்.

60 நிமிட கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். ஒரு கீர்த்தனைக்கு அது தாராளம். விஸ்தாரமான ராகம் தானம் பல்லவி அதில் அடங்காது. நிரவல் சூடு பிடிக்கும் இடத்தில் கேசட்டைத் திருப்ப வேண்டிவரும். 90-இல் பக்கத்துக்கு 45 நிமிடம் கிடைக்கும். அப்படியானால் 120 இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் மூன்றுக்கும் கூடு ஒரே அளவு. அதே கூட்டுக்குள் அதிக நீளம் சுற்ற வேண்டுமானால் நாடாவை மெலிதாக்கியே ஆகவேண்டும். 60-இல் சுமார் 18 மைக்ரான் கனம், 90-இல் 12, 120-இல் 9. அவ்வளவு மெலிந்த நாடா இழுபடும், ரோலரில் போய்ச் சுற்றிக்கொள்ளும். சுருளில் அடுத்த சுற்றின் ஒலி இதில் லேசாகப் படியவும் செய்யும். பாடகர் ஆலாபனையைத் தொடங்குமுன்பே அதன் மெல்லிய சாயல் காதில் விழுந்துவிடும். நான் 120 வாங்குவதில்லை.

அடுத்தது நாடாவின் ரகம். 1963-இல் பிலிப்ஸ் கேசட்டைக் கொண்டுவந்தபோது பேச்சைப் பதிவதே முதல் நோக்கம். நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர், ஓட்டம் வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர். இந்தக் குறுகிய, மெதுவான நாடாவில் இசையையும் நிறைவாகக் கேட்க முடிந்ததற்கு முக்கியக் காரணம், அதன்மேல் பூசும் காந்தப் பொடி மேம்பட்டதுதான். நார்மல் ரகத்தில் இரும்பு ஆக்சைடு. குரோம் ரகத்தில் குரோமியம் டை ஆக்சைடு, அல்லது டிடிகே எஸ்ஏ போன்றவற்றில் கோபால்ட் சேர்த்த இரும்பு ஆக்சைடு. மெட்டலில் ஆக்சைடாகாத உலோகத் துகள்.

விலை கூடினால் பதிவும் நன்றாக வரும் என்று நம்பிவிடக் கூடாது. மீடியம் வேவ் வானொலியில் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதுவும் வந்து சேர்வதில்லை. அதைப் பதிய நல்ல நார்மல் கேசட் போதும். எல்பியிலிருந்து எடுக்கும்போதும், வீட்டில் மைக் வைத்துப் பாடவைக்கும்போதும் குரோம் தன் விலைக்கு வேலை செய்யும்: மெதுவான ஆலாபனைக்கு அடியில் கேட்கும் நாடா இரைச்சல் குறையும். ஆனால் டெக்கில் குரோம் வசதி இருக்க வேண்டும். குரோமுக்கும் மெட்டலுக்கும் கூடுதல் பயாஸ் (பதியும்போது ஒலியோடு சேர்க்கும் உயர் அதிர்வெண் மின்னோட்டம்) தேவை. நார்மலுக்கென்றே செய்த டூ-இன்-ஒன்னில் குரோம் போட்டால் பாட்டு கீச்சென்று பதியும். மெட்டலில் பழைய ஒலி முழுதாக அழியக்கூட அழியாது.

பிறகு கூட்டைப் பார்ப்பேன். மேல் விளிம்பில் இரண்டு ஓரத்திலும் அழிப்புத் தடைக் காதுகள். குரோமானால் அவற்றை ஒட்டி இன்னும் இரண்டு பள்ளம். மெட்டலானால் நடுவிலும் ஒரு ஜோடி. தானே ரகம் கண்டுபிடிக்கும் டெக் இந்தப் பள்ளங்களைத் தடவித்தான் தன்னை மாற்றிக்கொள்கிறது. கீழ்வாயில், செப்பு நிறப் பட்டைமேல் ஒட்டிய சிறு கம்பளித் துண்டு நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும். அது கோணலாக இருந்தால் அந்த கேசட் வேண்டாம். கண்ணாடி வழியே பார்த்தால் சுருளின் முகம் மட்டமாகத் தெரிய வேண்டும். திருகு போட்ட கூடு எனக்குப் பிடிக்கும். உள்ளே ஏதாவது சிக்கினால் திறந்து சரிசெய்யலாம்.

இத்தனையும் தேறிய கேசட்டை ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டி, சுருளைத் தளர்த்தி, ஐந்து நிமிடம் தம்பூரா பதிவேன். அந்த ஒரே சீரான நாதத்துக்கு முன்னால் நாடாவின் எந்தக் குறையும் மறைய முடியாது. சுருதி அசைந்தால் கூட்டுக்குள் உராய்வு. இடையிடையே ஒலி மங்கினால் பூச்சில் திட்டு. அரை சென்டிமீட்டர் பூச்சு கெட்டால் பத்தில் ஒரு வினாடி போய்விடும். மிருதங்கத்தில் ஒரு சொல்லை விழுங்க அது போதும். ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் தம்பூராவின் ஜீவா ரீங்காரம் மழுங்கி மழுங்கித் திரும்பினால் நாடா சாய்ந்து ஓடுகிறது என்று அர்த்தம். வேறு டெக்கில் கேட்டும் அப்படியே இருந்தால் கேசட்டைத்தான் ஒதுக்க வேண்டும்.

நல்ல நார்மல் கேசட், மாக்ஸெல் யூஆர் போல, இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. குரோம் வேண்டுமென்றால் பழைய இருப்பைத்தான் தேட வேண்டும். உறை பிரியாதது என்பது மட்டும் உத்தரவாதமாகாது. ஈரக் காற்றில் கிடந்த கேசட்டில் சுருள் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கும்; அதை டெக்கில் போட்டால் ஹெட்டிலும் ரோலரிலும் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும்.

வீட்டுப் பெரியவர்களின் பாட்டையும் பேச்சையும் பதிகிறவர்களுக்கு என் யோசனை இது: குரோம் தேடி அலைய வேண்டாம், நல்ல நார்மல் 60 வாங்குங்கள். பதிந்த அன்றே காதுகளை உடைத்துவிடுங்கள். அவர்களைப் பதிவதற்கு முன்பே தம்பூராவோ சுருதிப் பெட்டியோ ஐந்து நிமிடம் பதிந்து கேளுங்கள். அதில் தேறாத கேசட்டில் அவர்கள் குரல் ஏறவே கூடாது.