பாலாற்று மணல்

சித்திரை மாதம் பாலாற்று மணல் மேலே கொதிக்கும். காலைக் கொஞ்சம் புதைத்தால் அடியிலிருந்து ஊற்று ஈரம் சில்லென்று ஏறும். நடை போனதைக்கூட மனசு ஒருமாதிரி ஏற்றுக்கொண்டுவிட்டது. அந்தச் சில்லிப்பு போனதுதான் இன்னும் ஆறவில்லை. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் “நடக்க முடியலையே” என்றுதான் இரங்குவார்கள். உள்ளங்காலை யாரும் விசாரித்ததில்லை.

எண்பதுகளில் ஒரு மாசி மாதம் இளநீர் பறிக்க ஏறியவன், மட்டை கழன்று விழுந்தேன். கீழ்முதுகில் எலும்பு நொறுங்கி, தண்டுவடம் நசுங்கியது. ஓடிவந்தவர்கள் ஆளுக்கொரு கையும் காலுமாகத் தூக்கி மாட்டுவண்டியில் கிடத்தினார்கள். பதறிப்போய்ச் செய்தது, அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை.

பிறகு வேலூர் பாகாயம் மறுவாழ்வு மையம். 1966-இல் அது உருவாகக் காரணமான டாக்டர் மேரி வர்கீஸின் கதையைச் சொல்லாத ஆள் வார்டில் கிடையாது. 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். அதற்குப் பிறகும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடக்கும் புது ஆளிடம் பழைய ஆட்கள் இதைத்தான் முதலில் எடுத்துவிடுவார்கள். எனக்கென்னவோ பக்கத்துக் கட்டில் அண்ணன்தான் அதிகம் உதவினார். கிணறு வெட்டும்போது விழுந்தவர். “நடக்கறது அப்பறம் தம்பி, மொதல்ல மூத்திரத்தப் பாரு” என்பார். முரட்டுப் பேச்சு, ஆனால் சரியான பேச்சு. அந்நாளில் எங்களைப் போன்றவர்களைக் கொண்டுபோனது சிறுநீரகத்தில் ஏறிய கிருமியும் படுக்கைப்புண்ணும்தான். குழாய் விட்டு மூத்திரம் எடுக்கவும், கண்ணாடி பிடித்துப் பிட்டத்தில் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்கவும் அங்கேதான் பழகினேன். கால்களைத் தாங்கும் கேலிப்பர் மாட்டி, இரண்டு கம்பிகளுக்கு நடுவே முதல்முறை நின்றபோது தரை கிணற்றின் அடியில் கிடப்பதுபோல் தெரிந்தது.

இரண்டு மணிக்கொரு தரம் என்னைப் புரட்டிப்போட அம்மா அலாரம் கடிகாரம் வைத்திருந்தாள். அது அடிப்பதற்குள் எழுந்துவிடுவாள். “திரும்புடா கண்ணு.” ஊருக்கு வந்து நானே புரளப் பழகிய பிறகும் அவளுக்கு அந்தந்த நேரத்தில் விழிப்பு வந்துவிடும். கூப்பிட மாட்டாள், சும்மா உட்கார்ந்திருப்பாள்.

அம்மா போய்விட்டாள். பாலாற்று மணலையும் லாரிகள் அள்ளிப்போய்விட்டன. எங்கள் துறையில் கட்டாந்தரையும் சீமைக்கருவேலமும்தான் மிச்சம். “இப்ப உங்களுக்குக் கால் வந்தாலும் பொதைக்க எடமில்ல மாமா” என்று தங்கை மகன் ஒருநாள் சொன்னான். சிரித்துவிட்டேன்.

மரத்திலிருந்து இன்றைக்கும் ஆட்கள் விழுந்துகொண்டுதான் இருக்கிறார்கள். விழுந்தவரை உட்காரவைக்காதீர்கள், கைகாலைப் பிடித்துத் தூக்காதீர்கள். தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்துக்கொண்டு, 108 வண்டி வரும்வரை கிடந்தபடியே கிடக்க விடுங்கள். வேறு வழியே இல்லையென்றால் நாலைந்து பேர் சேர்ந்து, உடம்பு வளையாமல், கதவுப் பலகையில் ஏற்றுங்கள்.