ஏழாவது ரீல், மூன்றாவது பிட்

ஸ்ரீதர்–விஸ்வநாதன் ராமமூர்த்தி, பாரதிராஜா–இளையராஜா, மணிரத்னம்–ரஹ்மான் என்று இயக்குநரையும் இசையமைப்பாளரையும் சேர்த்துப் பேசுவது நமக்குப் பழக்கம். எனக்கும் அந்தப் பேச்சு பிடிக்கும். ஆனால் ஒருவர் மனதில் நினைத்ததை இன்னொருவர் தாளில் எழுதிய பிறகு, அதை வாசித்து நம் காதுவரை கொண்டுவந்தவர் யார்? அப்படி ஒருவரையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று ஒலிப்பதிவாளரான நண்பரை நச்சரித்ததில், சாலிகிராமத்தில் வசிக்கும் மூத்த வயலின் கலைஞர் ஒருவரிடம் அழைத்துப் போனார்.

"பேரு போடாதீங்க தம்பி. இத்தனை வருஷமா யாரும் போடல, இப்ப எதுக்கு?" என்றார் எடுத்த எடுப்பிலேயே. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பாளையங்கோட்டையில் இவருடைய அப்பா தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். பள்ளிக்கூடத்துப் பாடத்தோடு மேற்கத்திய நோட்டேஷனையும் மகனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். எழுபதுகளின் கடைசியில் கோடம்பாக்கம் வந்தவருக்கு அந்தப் படிப்புதான் சோறு போட்டது. குழுவில் செகண்ட் வயலின். வாசிப்பு இல்லாத நாட்களில் காப்பியிங். இசையமைப்பாளர் எல்லா வாத்தியங்களுக்குமாகச் சேர்த்து எழுதிய ஸ்கோரிலிருந்து, ஒவ்வொருவருக்கும் உரிய வரியை மட்டும் பிரித்துத் தனித்தாளில் எழுதிக் கொடுக்கும் வேலை அது. இன்று கணினியிலிருந்து அச்சாகி வந்துவிடுகிறது.

பரணிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இறக்கினார். உள்ளே பழுப்பேறிய தாள்கள். அவர் உருவி எடுத்த ஒன்றின் தலைப்பில் "ரீல் 7, பிட் 3" என்று மசியில் இருந்தது; ஏழாவது ரீலுக்கான மூன்றாவது பின்னணி இசைத் துண்டு. அதற்குக் கீழே முத்து முத்தான நோட்ஸ். இரண்டாவது வரியில் எட்டு பார்களின் மேல் பென்சிலால் ஒரு குறுக்குக் கோடு, ஓரத்தில் "வேண்டாம்". மூன்றாவது வரியின் தொடக்கத்தில் "மியூட்" என்று சின்னதாக.

அந்தப் பென்சில் குறிப்புகளின் கதையைத்தான் அன்று நெடுநேரம் சொன்னார். படத்தின் பெயரைச் சொல்ல மறுத்துவிட்டார். காட்சி இது: மகன் ஊரைவிட்டுப் போகிறான், அம்மா திண்ணையில் உட்கார்ந்து அரிசி புடைக்கிறாள். முதலில் எழுதி வந்த இசையில் வயலின்கள் எல்லாம் சேர்ந்து மேலே ஏறுகின்றன. வாசித்துப் பார்த்தார்கள், பிரமாதமாக இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த இயக்குநர் எழுந்து வந்தார். அவருக்கு ராகம் தெரியாது, தாளம் தெரியாது. "இவ அழறது நமக்குத் தெரியணும். அந்தத் தெருவுக்குத் தெரியக் கூடாது" என்று மட்டும் சொன்னாராம்.

இசையமைப்பாளர் ஒரு நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஃபர்ஸ்ட் வயலின், செல்லோ எல்லாவற்றையும் நிறுத்தினார். எட்டு பார்களுக்கு இசையே இல்லை, முறத்தின் சத்தம் மட்டும். மகன் தெருமுனை திரும்பும்போது செகண்ட் வயலினில் நான்கு பேர் மட்டும், தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேல், ஒலியை அடக்கும் மியூட்டை மாட்டிக்கொண்டு வாசிக்க வேண்டும். "ரெண்டு பேரும் அஞ்சு நிமிஷம்கூட பேசல தம்பி. ஆனா நாங்க வாசிச்சு முடிச்சப்போ புரொஜக்டர் ஓட்டுறவரு வெளிய வந்து நின்னுட்டாரு."

இந்த ஒரு தாளில் பார்த்ததை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. மசியில் இருப்பது இசையமைப்பாளரின் எண்ணம். பென்சிலில் இருப்பது இயக்குநரின் குறுக்கீடு. இரண்டையும் எழுதியது இந்தக் கை. "வயலினக்கூட இரவல் வாங்கிக்கலாம், பென்சில் இல்லாம உள்ள போகக் கூடாது" என்கிறார். 2பி பென்சில்தான் வேண்டும். ஸ்டாண்டு விளக்கின் மங்கல் வெளிச்சத்திலும் தெரியும், இயக்குநர் மறுபடி மனசு மாறினால் அழிக்கவும் வரும். இன்றும் ஒன்றைக் கத்தியால் சீவி வைத்திருக்கிறார்.

ஆயிரம் அடி ரீல் ஒன்று திரையில் ஏறக்குறைய 11 நிமிடம் ஓடும். அந்நாளில் படம் ஓட ஓட, முன்பின் பார்த்திராத நோட்ஸைக் குழு முழுவதும் சேர்ந்து வாசிக்க வேண்டியிருந்தது. ஒருவர் பிசகினால் எல்லோருக்கும் இன்னொரு டேக்.  

படத்துக்கு இசை எவ்வளவு இறங்கிப்போக முடியும் என்பதற்கு 'ஹே ராம்' (2000) நல்ல சான்று. எல்.சுப்பிரமணியத்தின் இசையில் பாடல் காட்சிகளை எடுத்த பிறகு இசையமைப்பாளர் மாறினார். எடுத்த காட்சிகளைக் கமல்ஹாசன் வீணாக்காமல் இருக்க, உதட்டசைவுக்கும் உடலசைவுக்கும் பொருந்துகிற புதிய மெட்டுகளை இளையராஜா போட்டார். பின்னணி இசையைப் புடாபெஸ்ட் கலைஞர்கள் வாசித்தார்கள். அதைப் பற்றிப் பெரியவருக்குப் பொறாமை எதுவும் இல்லை. "யாரு வாசிச்சா என்ன, நோட்ஸ் பேசுச்சுல்ல" என்றார்.

அவருக்கு வருத்தமெல்லாம் வேறு. 'ரோஜா'வுக்குப் பிறகு கீபோர்டும் கணினியும் பெருகின. குழுவாக உட்கார்ந்து வாசிப்பது குறைந்து, ஒவ்வொருவராகப் போய் வாசித்துவிட்டு வருவது வழக்கமானது. அதைக்கூட அவர் காலமாற்றம் என்று ஏற்றுக்கொள்கிறார். பேக்கேஜ் முறையைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை. என்னாலும்தான். தயாரிப்பாளர் ஒரு மொத்தத் தொகையை இசைக்கென்று கொடுத்துவிடுகிறார். ஸ்டுடியோ வாடகை, பாடகர், வாத்தியக் கலைஞர் எல்லாமே அதற்குள். இருபது வயலின் வேண்டிய இடத்தில் இரண்டு பேரைக் கூப்பிட்டுப் பத்து முறை வாசிக்கவைத்தால் மிச்சம். நடுவில் ஆள் பிடித்துத் தருபவருக்கும் ஒரு பங்கு. படத்தின் பட்ஜெட் கோடிகளில் ஏறுகிறது. வில் பிடித்தவர் கூலிக்காக ஃபோன் போட்டுக்கொண்டே இருக்கிறார். எம்.பி.சீனிவாசன் போன்ற இசையமைப்பாளரே முன்நின்று வாத்தியக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்டிய ஊர் இது என்பதை நினைத்தால் ஆத்திரம்தான் வருகிறது.

சட்டமும் இங்கே சிக்கலாக இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம், நிகழ்த்துகலைஞருக்கு ராயல்டி உரிமை தருகிறது. ஆனால் அதே திருத்தம், சினிமாவில் தற்செயலான சிறு பங்களிப்பு செய்து, தொழில் வழக்கப்படி டைட்டிலில்கூட பெயர் வராதவரைப் பெரும்பாலும் நிகழ்த்துகலைஞராகவே கருதாது. அம்மாவின் அழுகையை வாசித்த நான்கு வயலின்கள் தற்செயலானவை அல்ல. ஆனால் வாசித்தது யார் என்று காட்ட அவர்களிடம் என்ன இருக்கிறது? பரணில் ஓர் அட்டைப்பெட்டி.

ஆகவே இயக்குநர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். டீ கொடுத்தவர் முதல் டிரோன் ஓட்டியவர் வரை இன்று டைட்டிலில் பெயர் ஓடுகிறது, ஓட வேண்டியதுதான். அதோடு வாசித்தவர்களின் பெயர்களையும், எந்த வாத்தியம் என்பதோடு, ஒருவர் விடாமல் போடுங்கள். அது மரியாதை மட்டுமல்ல, அவர்களின் உரிமைக்கான சாட்சி.