ஹட்சன் ஆற்றில் ஒரு விமானந்தாங்கிக் கப்பல்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டில் ஒரே கேள்விதான்: "இந்தமுறை எங்கே போவது?" ஊரிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வருகிற உறவினர்களையெல்லாம் நயாகராவுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் போய், அந்த நீர்வீழ்ச்சிக்கே எங்களைப் பார்த்து அலுத்திருக்கும். அம்மாவுக்குக் கனடியக் குடியுரிமை கிடைத்துக் கடவுச்சீட்டும் கைக்கு வந்ததும், கடந்த ஆடி மாதம் நியூயோர்க்குக்குப் போவதென்று முடிவெடுத்தோம். குயீன்ஸ் பகுதியில் மச்சான் குடும்பம் இருக்கிறது. ஸ்காபரோவிலிருந்து காரில் ஒன்பது, பத்து மணித்தியால ஓட்டம்.

முதல் நாள் ஃபிளஷிங் பிள்ளையார் கோயில். 1977இல் குடமுழுக்குக் கண்ட கோயில் அது. சாமி கும்பிட்டுவிட்டுக் கீழ்த்தளத்து உணவுச்சாலையில் தோசை சாப்பிட்டோம். அங்கே வைத்துத்தான் பன்னிரண்டு வயது மகன் அடுத்த நாளுக்கான திட்டத்தைச் சொன்னான். இன்ட்ரெப்பிட் என்ற விமானந்தாங்கிக் கப்பல். மேல்தளம் முழுவதும் போர் விமானங்கள், பக்கத்தில் கொங்கோர்ட் விமானம், போதாததற்கு ஒரு விண்வெளி ஓடமும் உண்டு.

அம்மா தோசையைப் பிய்த்தபடி கேட்டா: "நேவிக் கப்பலோ?"

"ஓம் அப்பம்மா. இப்ப மியூசியம்."

"நீங்கள் போட்டு வாங்கோ. நான் வீட்டிலை இருக்கிறன்."

ஏன் அப்படிச் சொன்னா என்று எனக்குத் தெரியும். மகனுக்குத் தெரியாது. நான் சொல்லவுமில்லை. ஒருவாறு மனைவி கதைத்துச் சம்மதிக்க வைத்தா. பிடிக்காவிட்டால் வெளியே வாங்கில் இருக்கலாம் என்பது ஒப்பந்தம்.

குயீன்ஸிலிருந்து 7ஆம் இலக்கச் சுரங்க ரயிலில் ரைம்ஸ் சதுக்கத்துக்கு வந்து, 42ஆம் தெருவில் மேற்கே போகும் பஸ்ஸில் ஏறி ஆற்றங்கரையில் இறங்கினோம். அங்கிருந்து கொஞ்சம் வடக்கே நடந்தால் 46ஆம் தெரு முடியும் இடத்தில் 86ஆம் இறங்குதுறை. கப்பலைத் தேட வேண்டியதில்லை. ஏறத்தாழ 900 அடி நீளமான சாம்பல் நிறச் சுவர் ஒன்று ஆற்றில் நிற்கும், அதுதான் கப்பல். அம்மா அதை அண்ணாந்து பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தா. ஆனால் வாங்கில் இருக்கவில்லை. "வந்தது வந்தாச்சு" என்று எங்களோடு ஏறினா.

இன்ட்ரெப்பிட் 1943இல் வேர்ஜீனியா மாநிலத்தின் நியூபோர்ட் நியூஸ் தளத்தில் கட்டி முடிக்கப்பட்டது. எசெக்ஸ் வகையைச் சேர்ந்தது. அந்த வகையில் 24 கப்பல்கள் கட்டப்பட்டன. இன்று அருங்காட்சியகங்களாக எஞ்சியிருப்பவை நான்குதான். 3000க்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் இதில் வாழ்ந்தார்கள். எங்கள் ஊர் சனம் முழுவதையும் ஏற்றினாலும் இடம் மிஞ்சும் என்று மச்சான் கணக்குச் சொன்னார். 1974இல் சேவையிலிருந்து நீக்கப்பட்டு இரும்புக்கு உடைபட இருந்த கப்பலை, சக்கரி பிஷர் என்ற கட்டடத் தொழிலதிபர் முன்னின்று காப்பாற்ற, 1982இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். 2006இல் திருத்த வேலைக்காக இழுத்துக்கொண்டு போக முயன்றபோது, இத்தனை வருடம் நின்ற இடத்துச் சேறு விடவில்லை. கப்பலின் விசிறிகள் சேற்றில் இறுகி, ஒரு மாதம் தோண்டிய பிறகுதான் அசைந்தது. "எங்கட சனமும் இப்பிடித்தான், ஒரு அப்பார்ட்மென்டிலை இருந்தால் கிளம்பாது" என்றார் மச்சான்.

உள்ளே நுழைந்தால் முதலில் விமானங்களை நிறுத்தி வைத்த பெரிய கூடம். முன்னாள் மாலுமிகள் சிலர் தொண்டர்களாக நின்று விளக்கம் சொல்கிறார்கள். எங்களுக்கு வாய்த்தவர் நல்ல கதைகாரர். 1962இல் விண்வெளிக்குப் போய்க் கடலில் இறங்கிய ஸ்கொட் கார்ப்பென்ரரையும், 1965இல் ஜெமினி 3இல் போன இருவரையும் மீட்டெடுத்தது இந்தக் கப்பல்தான் என்றார். மகன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு நின்றான். அம்மாவோ ஒரு கதிரையில் இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தா.

அம்மாவின் முகம் மாறியது வேறொரு கதையில். 1944 மாசியில் பசிபிக் கடலில் ட்ரக் தீவுகளுக்கருகே ஒரு ரோப்பீடோ கப்பலின் பின்பக்கத்தைத் தாக்கிச் சுக்கானை இறுக்கிவிட்டது. காற்று வீசும்போதெல்லாம் கப்பல் தானாகவே ஜப்பான் பக்கம் முகம் திருப்பியது. எந்திரங்களின் வேகத்தை மாற்றி மாற்றிப் பார்த்தும் சரிவரவில்லை. கடைசியில் கப்ரன் தோமஸ் ஸ்பிறேக்கின் ஆட்கள், பழைய கன்வஸ் துணிகளையும் கதவு மூடிகளையும் சேர்த்துப் பாய் ஒன்று தைத்து முன்பக்கத்தில் கட்டினார்கள். அத்தனை பெரிய இரும்புக் கப்பல் பாயின் உதவியோடு பேர்ள் துறைமுகத்துக்குத் திரும்பியது.

நான் தமிழில் சொல்லச் சொல்ல அம்மா நிமிர்ந்தா. "பாய் கட்டினவையோ? அப்ப கடல் தெரிஞ்ச ஆக்கள்தான்." அம்மாவின் ஊர் வல்வெட்டித்துறைக்குப் பக்கம். வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் 1938இல் இதே அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு, மசாசூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்துக்கு, எங்கள் மாலுமிகளோடு வந்து சேர்ந்தது. அம்மாவின் தகப்பனார் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்த்தாராம். அதை அம்மா பேரனுக்குச் சொன்னா. எங்கள் ஆட்களும் அமெரிக்காவுக்குக் கப்பல் ஓட்டி வந்தார்கள் என்பது மகனுக்குப் புதுச் செய்தி.

அதே கூடத்தில் 1944 நவம்பர் 25ஆம் திகதியைப் பற்றிய ஒரு படக்காட்சி. அன்று ஐந்து நிமிட இடைவெளிக்குள் இரண்டு கமிகாசே விமானங்கள் கப்பலில் மோதின. 69 பேர் இறந்தார்கள். விமானம் பதிந்து வரும் இரைச்சல் கேட்டதும் அம்மா குனிந்துவிட்டா. தலையில் கை. பக்கத்தில் நின்ற பிள்ளைகள் விநோதமாகப் பார்த்தார்கள். நான் கூட்டிக்கொண்டு மேல்தளத்துக்கு ஏறிவிட்டேன். (அங்கே போகும் பெரியவர்கள் உங்கள் வீட்டிலும் இருந்தால், இந்தக் காட்சியைத் தவிர்த்து விடுங்கள்.)

மேலே நல்ல காற்று. இரண்டாம் உலகப் போரில் இந்த ஓடுதளத்துக்கு மேற்பரப்பு மரப்பலகைதான். கப்பலில் விமானம் ஏற நீளம் போதாது. அதனால் நீராவி அழுத்தத்தில் உந்தி எறியும் பொறியை 1950களில் பொருத்தினார்கள். அமெரிக்காவில் செய்த அந்தப் பொறியால் விமானத்தை முதன்முதல் ஏவியது இந்தக் கப்பலே, ஆண்டு 1954. இறங்கும்போது விமானத்தின் வாலிலுள்ள கொளுக்கி, குறுக்கே கட்டிய கம்பியில் மாட்டினால்தான் நிற்கும். இரைச்சலில் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேளாது. ஆகவே சட்டையின் நிறம்தான் அடையாளம்: மஞ்சள் வழிகாட்டுபவர், ஊதா எண்ணெய் நிரப்புபவர், சிவப்பு குண்டு ஏற்றுபவர், பச்சை உந்துபொறியும் கம்பியும் பார்ப்பவர்.

மகன் ஒவ்வொரு விமானமாக ஓடி ஓடிப் பெயர் சொன்னான். ஸ்கைஹோக் என்ற விமானத்தருகே அம்மா நின்றா.

"இதிலையிருந்து போய்க் குண்டு போட்டவையோ?"

"ஓம் அம்மா. வியட்நாமிலை." 1966க்கும் 1969க்கும் இடையில் மூன்று முறை இந்தக் கப்பல் அங்கே போனது.

"கீழை ஆர் இருந்தவை?"

நான் பதில் சொல்லவில்லை. மகன் என் முகத்தைப் பார்த்தான். அப்பம்மாவின் முகத்தைப் பார்த்தான். அதன்பிறகு விமானங்களின் வேகத்தைச் சொல்வதை நிறுத்திவிட்டான்.

எங்கள் வழிகாட்டியை மேல்தளத்தில் மறுபடி கண்டோம். கப்பலின் இடதுபக்க ஓரத்துக்குக் கூட்டிப்போய் இன்னொரு கதை சொன்னார். அந்தக் காலத்தில் அமெரிக்கக் கடற்படையில் கறுப்பின இளைஞர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது அதிகாரிகளுக்குச் சமைத்துப் பரிமாறுவதும் அறை துப்பரவாக்குவதும்தான். சண்டை வரும்போது மட்டும் அவர்களில் ஒரு குழு 10ஆம் இலக்கத் துப்பாக்கி மேடைக்கு ஓடும். 1944 ஒக்ரோபர் 29ஆம் திகதி தீப்பற்றிய கமிகாசே விமானம் நேராக அவர்களை நோக்கி வந்தது. அவர்கள் துப்பாக்கியை விட்டு ஓடவில்லை; மோதும்வரை சுட்டார்கள். அன்று பத்துப் பேர் இறந்தார்கள். தப்பியவர்களுக்கு வாக்களித்த நேவி குறொஸ் பதக்கத்தைக் கொடுக்காமல் அதைவிடக் குறைந்ததைக் கொடுத்தார்கள். அலொன்சோ ஸ்வான் என்ற ஒருவர் மட்டும் விடவில்லை. நீதிமன்றம்வரை போய், 49 வருடங்களுக்குப் பிறகு, 1993இல் உரிய பதக்கத்தை வாங்கினார்.

பிறகு கீழே இறங்கி மாலுமிகள் சாப்பிட்ட தளத்துக்கு வந்தோம். ஒடுங்கிய படிகள், ஒன்றின்மேல் ஒன்றாகத் தொங்கும் படுக்கைகள், நீளமான மேசைகள், பெரிய சமையல் பாத்திரங்கள். மகன் பாத்திரங்களைப் பார்த்துக்கொண்டு கேட்டான்: "அந்த ஆக்களைக் குசினியிலை மட்டும் ஏன் விட்டவை, அப்பா?"

நான் அவனுக்கு இதுவரை சொல்லாத ஒன்றை அங்கேதான் சொன்னேன். கனடாவுக்கு வந்த முதல் ஆறு வருடமும் நான் ஓர் உணவகத்தின் பின்கட்டில் கோப்பை கழுவினேன். ஊரில் படிப்பித்தவன். இங்கே பகலில் பாஷை படித்து இரவில் கோப்பை கழுவிய காசில்தான் அம்மாவையும் தங்கச்சியையும் கூப்பிட்டேன். பிள்ளைகளுக்குத் தெரிந்த அப்பா கழுத்துப்பட்டி கட்டி அலுவலகம் போகிறவர். வெட்கத்தில் மறைத்தேனா, தேவையில்லை என்று விட்டேனா, எனக்கே தெரியாது.

மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்: "ஒரு இரவுக்கு எத்தனை கோப்பை?"

"எண்ணினால் கழுவேலாது ராசா" என்றேன். சிரித்தான். வெளியே வரும்வரை என் கையை விடவில்லை.

கொங்கோர்ட்டையும் பார்த்தோம். 1996இல் அத்திலாந்திக்கை 2 மணி 52 நிமிடங்களில் கடந்து சாதனை செய்த அதே விமானம் இறங்குதுறையில் நிற்கிறது. விண்வெளி ஓடம் என்ரர்பிறைஸ் 2012இல் இங்கே வந்தது. அது விண்வெளிக்குப் போனதில்லை, 1977இல் தரையிறங்கும் சோதனைகளுக்குப் பறந்தது. குறோலர் நீர்மூழ்கிக் கப்பலுக்குள் போக மனைவிக்கு மனமில்லை. மகனும் மச்சானும் உடம்பை ஒடுக்கிக்கொண்டு போய் வந்தார்கள்.

அவர்கள் வரும்வரை ஆற்றங்கரை வாங்கில் அம்மாவோடு இருந்தேன். மகன் திரும்பி வந்து பக்கத்தில் இருந்ததும், யாரும் கேட்காமலே அம்மா சொல்லத் தொடங்கினா. 1990களின் தொடக்கத்தில் ஆனையிறவுப் பாதை மூடியிருந்தபோது, கிளாலிக் கடலேரியை இரவில் படகில் கடந்தது. விளக்கில்லை. கடற்படைப் படகின் வெளிச்சம் தூரத்தில் சுழன்று வரும். தங்கச்சி இருமினால் கேட்கும் என்று சேலைத் தலைப்பால் அவளின் வாயைப் பொத்திக்கொண்டு வந்தது. "அண்டையிலை இருந்து நேவி எண்டால் எனக்கு அந்த வெளிச்சம்தான்" என்றா. மகன் ஒரு சொல்லும் பேசாமல் கேட்டான். இந்தக் கதையை எட்டு வருடமாக ஒரே வீட்டில் இருந்தும் அவன் கேட்டதில்லை.

வாசகர்களே, நீங்களும் ஒருமுறை போய்ப் பாருங்கள். சில குறிப்புகள்: கனடியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குச் சுற்றுலாவுக்கு அமெரிக்க விசா தேவையில்லை. அகதிகளுக்கான பயண ஆவணத்திலோ இலங்கைக் கடவுச்சீட்டிலோ போகிறவர்கள் விசா எடுத்தே ஆகவேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும், முன்கூட்டியே தொடங்குங்கள். நுழைவுச்சீட்டை முன்பே வாங்கினால் வரிசை மிச்சம். படிகள் செங்குத்தானவை, சேலையை விட வேறு உடுப்பு வசதி. தட்டையான செருப்புப் போடுங்கள். அரை நாளாவது ஒதுக்குங்கள். வெயிலில் மேல்தளம் சுடும், தொப்பி கொண்டுபோங்கள்.

இன்னொன்று. பிள்ளைகள் அங்கே விமானம் பார்க்கத்தான் வருவார்கள். பார்க்கட்டும். ஆனால் வெளியே வந்ததும் வாங்கில் கொஞ்ச நேரம் இருங்கள். வீட்டில் சொல்ல நேரமில்லாமல் விட்டதெல்லாம் அங்கே தானாக வரும். திரும்பும் வழியில் மகன் அப்பம்மாவின் மடியில் தலைவைத்து அன்னபூரணிக் கதையை மறுபடி சொல்லச் சொன்னான். நாங்கள் பஃபலோ எல்லையைத் தாண்டும்போது அந்தக் கப்பல் இன்னும் நடுக்கடலில்தான் நின்றது.