மடுகரை: கியர் ஆயில் மாற்றிய ஒரு ஞாயிற்றுக்கிழமை

புதுச்சேரி என்றதும் கடற்கரைச் சாலையும் மஞ்சள் சுவர்களும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தச் சுவர்களுக்கு வெளியே கரும்பும் நெல்லும் சவுக்கும் விளைகிற இன்னொரு புதுச்சேரி இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் வில்லியனூர் வழியாகத் தென்மேற்கே போக வேண்டும்.

வில்லியனூரில் திருக்காமீஸ்வரர் கோயில் கோபுரம் வரவேற்கும். இந்தக் கோயில் தேரோட்டத்தில் ஆளுநர் வடம் பிடித்துத் தொடங்கிவைப்பது பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து வரும் வழக்கம். இதே வில்லியனூர் கொம்யூனில்தான் கீழூர் இருக்கிறது. 1954 அக்டோபர் 18 அன்று, பிரெஞ்சிந்தியா இந்தியாவோடு சேரலாமா என்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்த ஊர். 170 பேர் சேரலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். மங்கலம், ஏம்பலம் தாண்டினால் நெட்டப்பாக்கம். கீழூருக்கு முன்பே, 1954 மார்ச் கடைசியிலேயே விடுதலைக் கொடி ஏறிய ஊர் அது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது மடுகரை.

பெயரைப் பிரித்தாலே ஊர் புரிந்துவிடும். மடு என்றால் ஆழமான நீர்நிலை. அதன் கரை மடுகரை. புதுச்சேரிப் பகுதியில் மொத்தம் 84 ஏரிகள் என்று கணக்கு. தெற்கே சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து தென்பெண்ணைத் தண்ணீரைப் பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரிக்குக் கொண்டுபோகிறது. ஏரி, வாய்க்கால், போர்வெல் என்று இந்தப் பக்கத்தில் எல்லாமே தண்ணீரைச் சுற்றித்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கியர் ஆயில் கதைக்கு இது தேவைப்படும்.

இந்த ஊரில்தான் என் மாமா இருக்கிறார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இடது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு கிளட்ச் மிதிக்க முடியவில்லை. அதனால் பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கினார். சின்ன வண்டி, 15 வயது. இரவில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஜிப்மருக்குப் போக அத்தை நம்பியிருப்பதும் அந்த வண்டியைத்தான். கடைசிப் பஸ் போன பிறகு கிராமத்தில் கார் என்பது வசதி இல்லை, கால்.

அந்த வண்டி சமீபமாக ஒரு பழக்கம் வைத்திருந்தது. காலையில் 'டி'யில் போட்டால் உடனே நகராது. ஒரு நொடி யோசித்துவிட்டு 'டொக்' என்று ஓர் உதறலோடு கிளம்பும்.

"ஆயில் மாத்தி எத்தினி வருஷம் ஆச்சு மாமா?"

"நான் வாங்கி ஆறு வருஷம் ஆவுது மாப்ளே. தொடவே இல்ல. பழைய ஆயில மாத்துனா கியர் பாக்ஸ் போயிடும்னு எல்லாரும் சொல்றாங்களே!"

பழைய ஆயிலை மாற்றினால் கியர் பெட்டி போய்விடுமா?

ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது கேட்டிருக்கும் பேச்சு இது. இதில் பாதி உண்மை இருக்கிறது.

முதலில் அந்த ஆயில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். கியர் உள்ள காரில் கியர் ஆயிலுக்குப் பற்சக்கரங்கள் தேயாமல் பார்ப்பதுதான் முக்கிய வேலை. ஆட்டோமேட்டிக்கில் ஆயில்தான் வண்டியையே ஓட்டுகிறது. மோட்டார் கொட்டகையில் பைப்பிலிருந்து பாயும் தண்ணீரில் ஒரு சின்னச் சக்கரத்தைக் காட்டினால் சுற்றும் அல்லவா? அதே மாதிரி என்ஜின் பக்கத்துச் சக்கரம் ஆயிலை வீச, அந்த வேகத்தில் கியர் பெட்டிப் பக்கத்துச் சக்கரம் சுற்றுகிறது. இதற்குப் பெயர் டார்க் கன்வெர்ட்டர். உள்ளே கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும் ஆயிலின் அழுத்தம்தான். சூட்டை வெளியே கொண்டுபோவதும் அதே ஆயில்தான். இந்த ஆயிலைத்தான் சுருக்கமாக ஏ.டி.எஃப். என்கிறார்கள்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. கிளட்ச் தட்டு வழுக்கவும் கூடாது, வெடுக்கென்று பிடிக்கவும் கூடாது. அந்த அளவான பிடிப்புக்காக அமெரிக்காவில் ஒரு காலத்தில் இந்த ஆயிலில் திமிங்கல எண்ணெய் சேர்த்தார்கள். திமிங்கலப் பாதுகாப்புச் சட்டங்கள் வந்ததும், 1970-களின் தொடக்கத்தில் வேதிப்பொருள்களுக்கு மாறினார்கள்.

வருடங்கள் போகப் போக, சூட்டில் ஆயிலின் இந்தக் குணம் குறைகிறது. கிளட்ச் தட்டின் தேய்மானத் தூளும் அதில் சேருகிறது. ஏற்கெனவே தட்டு முழுக்கத் தேய்ந்த வண்டிக்குப் புது ஆயில் ஊற்றினாலும் அது பிழைக்காது. இன்றைக்கோ நாளைக்கோ நிற்க வேண்டிய வண்டி, ஆயில் மாற்றிய மறுவாரம் நிற்கும். பழி புது ஆயிலின் மேல் விழும். "மாற்றினால் போய்விடும்" என்ற பேச்சு வளர்ந்தது இப்படித்தான். இயந்திரம் வைத்து அழுத்தத்தோடு கழுவும்போது, ஓரமாகப் படிந்திருந்த கசடு கிளம்பி நுண்ணிய வழிகளை அடைக்கலாம் என்பதும் உண்மை. அதனால் பழைய வண்டிக்கு மெதுவான வழி நல்லது. வடித்துவிட்டு, வடித்த அளவு ஊற்றி, கொஞ்ச நாள் ஓட்டி, திரும்ப வடிக்க வேண்டும்.

"ஆயுள் முழுக்க மாற்றத் தேவையில்லை" என்று சில கையேடுகளில் இருக்கும். ஆனால் உலகம் முழுக்க கார்களுக்கு ஆட்டோமேட்டிக் பெட்டி செய்துகொடுக்கும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனமே, தன் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 ஆண்டுகளில் ஆயில் மாற்றச் சொல்கிறது. நம் ஊர் வெயிலையும் நெரிசலையும் சேர்த்துப் பாருங்கள்.

முதலில் நிறம், பிறகு பெயர்

மாமா டிப்ஸ்டிக்கை உருவி வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டினார். புது ஏ.டி.எஃப். பெரும்பாலும் மாதுளைச் சாறு மாதிரி சிவப்பாக இருக்கும். கசிந்தால் என்ஜின் ஆயிலிலிருந்து பிரித்து அடையாளம் காணத்தான் அந்தச் சாயம். மாமா வண்டியில் வந்தது கடுங்காப்பி நிறம். ஆனால் கருகல் வாடை இல்லை.

நிறம் சொல்லும் சேதி இதுதான். பழுப்பு என்றால் ஆயில் பழசாகிவிட்டது, மாற்றலாம். கருப்பாகி, கருகல் வாடை அடித்து, வண்டியும் வழுக்கினால் வீட்டில் கை வைக்காதீர்கள், மெக்கானிக்கிடம் போங்கள். இளஞ்சிவப்பில் பால் கலந்த மாதிரி இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே வந்திருக்கலாம், வண்டியை ஓட்டவே கூடாது. ஒரு விஷயம், சில ஆயில்கள் புதிதிலேயே வேறு நிறத்தில் இருக்கும். அதனால் நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

அடுத்தது பெயர். கடையில் போய் "ஆட்டோமேட்டிக் ஆயில் ஒன்று கொடுங்கள்" என்று கேட்கக் கூடாது. கியர் தானாக மாறும் எல்லா வண்டியும் ஒரே ஜாதி இல்லை. 2014-ல் மாருதி செலேரியோவோடு நம் நாட்டில் பரவிய ஏ.எம்.டி. வண்டியில் இருப்பது சாதாரண கியர் பெட்டிதான். கிளட்ச் மிதிக்கும் வேலையை ஒரு கருவி செய்கிறது. அந்தப் பெட்டிக்குச் சாதாரண கியர் ஆயில் போதும், ஏ.டி.எஃப். ஊற்றக் கூடாது. சி.வி.டி. வண்டியில் உலோகப் பட்டை ஓடுகிறது, அதற்குத் தனி ஆயில். இரட்டைக் கிளட்ச் வண்டிக்கும் தனி. பழைய டார்க் கன்வெர்ட்டர் வண்டிகளிலும் ஒவ்வொரு கம்பெனிக்கு ஒவ்வொரு வகை. கையேட்டில் போட்டிருக்கும் வகைப் பெயர் டப்பாவிலும் இருக்க வேண்டும். மாமா கையேட்டின் அந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்துக் கடைக்காரரிடம் காட்டித்தான் வாங்கிவந்தார்.

வேப்பமரத்து நிழலில்

ஞாயிற்றுக்கிழமை காலை வேலை தொடங்கியது. வண்டியை நெட்டப்பாக்கம் வரை ஒரு சுற்று ஓட்டி வந்தோம். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால்தான் நன்றாக இறங்கும். கொதிக்கும் சூட்டில் திறந்தால் கை வெந்துவிடும். சிமென்ட் போட்ட சமதளத்தில் வண்டியை நிறுத்தி, தேருக்குப் போடுவது மாதிரி பின்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை போட்டோம். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்ட் வைத்தார் மாமா. இந்த இடத்தில் மட்டும் அவர் குரல் கறாராக மாறியது.

"ஜாக்கிய நம்பி அடியில போவாத மாப்ளே. செங்கல்லயும் நம்பாத. செங்கல்லு சொல்லிட்டு ஒடையாது."

கீழே போவதற்கு முன் இன்னொரு வேலை. ஆயில் ஊற்றும் வழி திறக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் டிப்ஸ்டிக் இருக்காது, ஊற்றுவதற்கும் ஒரு போல்ட்தான். அது துருப்பிடித்துத் திறக்காவிட்டால், வடித்த வண்டி வடித்தபடியே நிற்கும். அதேபோல, திறப்பது கியர் பெட்டியின் போல்ட்தானா என்று படத்தோடு ஒத்துப் பாருங்கள். பக்கத்திலேயே என்ஜின் ஆயில் போல்ட்டும் இருக்கும்.

போல்ட்டைக் கழற்றியதும் அகலமான பேசினில் காப்பி நிறத்தில் ஆயில் இறங்கியது. போல்ட்டின் காந்த முனையில் சாம்பல் நிறத்தில் விழுது மாதிரி ஒட்டியிருந்தது. விபூதி மாதிரி நைசாக இருந்தால் இயல்பான தேய்மானம். ஊசி ஊசியாக, செதில் செதிலாக உலோகம் வந்தால் உள்ளே ஏதோ உடைகிறது என்று பொருள். எங்களுக்கு நைசுதான் வந்தது. அத்தை வாசலிலிருந்தே, "நல்ல சேதிதானே?" என்று கேட்டுக்கொண்டார்.

வடிந்ததை அளவு ஜாடியில் ஊற்றிப் பார்த்தோம், இரண்டரை லிட்டர். கையேட்டின்படி மொத்தம் 6 லிட்டருக்குப் பக்கம். மீதி டார்க் கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கியிருக்கும், அது வராது. புது வாஷர் போட்டுப் போல்ட்டை முடுக்கி, அதே இரண்டரை லிட்டரை ஊற்றினோம். அளவுதான் இந்த வேலையின் உயிர். குறைந்தால் கிளட்ச் வழுக்கும். கூடினால் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும்.

பிறகு என்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு நிலையிலும் சில நொடி வைத்து எடுத்தார். சூடேறியதும் டிப்ஸ்டிக்கில் அளவு பார்த்தோம். சில வண்டிகளில் என்ஜின் ஓடும்போதே பார்க்க வேண்டும், சிலவற்றில் நிறுத்திய உடனே பார்க்க வேண்டும். எது என்பது கையேட்டில் இருக்கும்.

இப்போது ஒரு கணக்கு. ஒரு தடவைக்கு 100-க்கு 40 பங்கு மாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவைக்குப் பிறகு 60 பங்கு பழசு. அடுத்து 36. மூன்றாவது தடவைக்குப் பிறகு 22 பங்குதான் பழசு. சில நூறு கிலோமீட்டர் இடைவெளி விட்டு மூன்று தடவை மாற்றுவது என்று மாமா முடிவு செய்தார்.

பேசினில் இருந்த ஆயில்

வேலை முடிந்தது என்று நான் கை கழுவப் போனேன். மாமாவுக்கு முடியவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பி பேசினைப் பார்த்துவிட்டு வந்து நின்றார்.

"மாமா, அத்த எங்கிட்ட குடுங்க. மாட்டுக்கொட்டா காலுக்குப் பூசிக்கிறேன், கரையான் வராது."

கிராமத்தில் இது பழைய வழக்கம். கழிவு ஆயிலை மரத்தில் பூசுவார்கள், சென்ட்ரிங் பலகையில் தடவுவார்கள், மிச்சத்தை வேலியோரம் ஊற்றிவிடுவார்கள்.

"வாணாம்ப்பா. கொட்டா பக்கத்துலதான ஒன் போரு இருக்கு? மழ பேஞ்சா எங்க எறங்கும்?"

ஒரு காரின் ஒரு தடவை ஆயில் மாற்றத்தில் வரும் கழிவு, 10 லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்கப் போதும் என்று எச்சரிக்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. ஏறக்குறைய 38 லட்சம் லிட்டர். நம் நாட்டில் 2016-ம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள், கழிவு ஆயில் அனுமதி பெற்ற மறுசுழற்சி நிலையங்களுக்குத்தான் போய்ச் சேர வேண்டும் என்கின்றன. அதைத் திரும்பப் பெற்றுச் சுத்திகரிக்கும் பொறுப்பு, 2024 ஏப்ரல் முதல் ஆயில் தயாரிப்பாளர்களுக்கும் வந்திருக்கிறது. சுத்திகரித்தால் அது மறுபடி நல்ல ஆயிலாகும். ஆனால் பெட்ரோலோ தண்ணீரோ கூலன்ட்டோ கலந்துவிட்டால் சுத்திகரிப்பது கடினம்.

மாமா பழைய கேனில் ஆயிலைப் புனல் வைத்து ஊற்றி, மூடியை இறுக்கி, மேலே 'கழிவு ஆயில்' என்று மார்க்கரில் எழுதினார். குழந்தைகள் கைக்கு எட்டாத பரணில் வைத்தார். மூன்று தடவையும் வடித்த பிறகு மொத்தமாக, வில்லியனூர்ப் பக்கம் கழிவு ஆயிலைப் பீப்பாயில் சேர்த்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பட்டறையில் கொடுப்பதாகத் திட்டம். சிமென்டில் சிந்திய நாலு சொட்டின் மேல் மரத்தூளைத் தூவி, கூட்டி அள்ளி, தனிப் பையில் கட்டினார். தண்ணீர் விட்டுக் கழுவ விடவில்லை.

மாலையில் வண்டியை எடுத்தோம். உதறல் குறைந்திருந்தது, முழுக்கப் போகவில்லை. இன்னும் இரண்டு தடவை பாக்கி இருக்கிறதே! கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே மாமா மெதுவாக ஓட்ட, பக்கத்து வீட்டுத் தம்பி பின்சீட்டிலிருந்து கேட்டார்:

"ஏன் மாமா, என் டிராக்டர் ஆயிலயும் அந்தப் பட்டறையில வாங்கிப்பாங்களா?"

"கேன்ல கலப்பில்லாம புடிச்சி வை. ரெண்டையும் சேத்தே எடுத்துனு போவலாம்."